தழைச்சத்தை மறந்த மகான்

1845-ம் ஆண்டில் ஜெர்மனியின் வேதியியல் பேராசிரியர் யூஸ்டுஸ் லீபிக்குக்கு இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. ஒன்று, அவரைப் பிரபு ஆக்கி, பெயருக்கு நடுவில் ‘ஃபான்’ போட்டுக்கொள்ள அனுமதித்தார்கள். இன்னொன்று, அவர் பெயரில் ஓர் உரம் காப்புரிமையோடு இங்கிலாந்துச் சந்தைக்கு வந்தது. இரண்டில் பிரபுப் பட்டம் மட்டும் கடைசிவரை நிலைத்தது.

உரம் ஏன் நிலைக்கவில்லை என்பது கொஞ்சம் நீளமான கதை. பயிருக்கு எல்லாச் சத்தும் அளவோடு வேண்டும், எது குறைவோ அதன் மட்டத்தில்தான் விளைச்சல் நிற்கும் என்று ஐரோப்பா முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னவர் அவர்தான். அவரே உரம் தயாரித்தபோது, கோதுமைக்கு முதலில் வேண்டிய தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. ஒரு ஜெர்மானியரின் தனிப்பட்ட சறுக்கல் என்று இதை விட்டுவிடலாம்தான். ஆனால் அவருக்குப் பின்னால் வந்த விஞ்ஞானி, முதலாளி, மந்திரி எல்லோருமே ஏதாவது ஒரு சத்தின் கையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை நட்டாற்றில் விட்டிருக்கிறார்கள். சமச்சீர் உரத்தை எதிர்த்துப் பேசிய ஆள் இதுவரை ஒருவரும் இல்லை. கடைப்பிடித்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

லீபிக்குக்கு முன்னால், செடி எதைத் தின்று வளர்கிறது என்பதில் ஆளுக்கொரு ஞானம். பிரஸ்ஸல்ஸ்காரர் வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு காய்ந்த மண்ணைத் தொட்டியில் கொட்டி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, 5 வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு வளர்ந்துவிட்டது. மண்ணில் குறைந்தது 2 அவுன்ஸ். ஆகவே மரம் என்பது முழுக்க முழுக்கத் தண்ணீர்தான் என்று முடிவு கட்டினார். காற்றிலிருந்து மரம் எடுத்துக்கொண்ட கரியமில வாயு அவர் கணக்கில் வரவே இல்லை. இத்தனைக்கும் ‘கேஸ்’ என்ற வார்த்தையை உலகத்துக்குக் கொடுத்த புண்ணியவான் அவர். உர விஞ்ஞானம் மொத்தமும் அந்தக் காணாமல்போன 2 அவுன்ஸில் இருந்தது. மனிதர் அதைச் சில்லறை என்று விட்டுவிட்டார்.

அடுத்து வந்தவர்கள், செடி சாப்பிடுவது மண்ணில் இருக்கும் மக்கைத்தான் என்றார்கள். இதுவும் பல காலம் ஓடியது. 1820-களின் இறுதியில் கார்ல் ஸ்ப்ரெங்கல் என்ற ஜெர்மானியர், மக்கு அல்ல, அதற்குள் இருக்கும் உப்புகள்தான் விஷயம், தேவையானவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பயிர் தேறாது என்று தெளிவாக எழுதினார். நல்ல மனிதர், கெட்டிக்காரர். சத்தம் போடத் தெரியாதவர். ஊர் திரும்பிப் பார்க்கவில்லை.

சத்தம் போடுவதில் லீபிக் சிறுவயது முதலே தேர்ந்தவர். டார்ம்ஸ்டாட்டில் பெயின்ட், ரசாயனச் சாமான் விற்றவரின் பிள்ளை. மருந்துக் கடையில் வேலை பழகப் போன இடத்தில் வெடி மருந்தை வெடிக்க வைத்ததால் விரட்டப்பட்டார் என்று ஒரு கதை. அப்பாவால் பணம் கட்ட முடியவில்லை என்று இன்னொரு கதை. எப்படியோ, 21 வயதில் கீஸன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். சொந்தமாக ஓர் ஆய்விதழ் நடத்தினார். பிடிக்காதவர்களைத் திட்டுவதற்கு அது மிகவும் சௌகரியமாக இருந்தது. 1840-ல் வேளாண்மை வேதியியல் பற்றி ஒரு புத்தகம் போட்டார். ஸ்ப்ரெங்கல் சொன்னதுதான், இந்த முறை ஊரே கேட்டது. பேர் லீபிக்குக்குப் போனது. பிற்காலத்தில் ஜெர்மன் வேளாண் ஆய்வாளர்கள், பிரச்சினை வேண்டாமென்று, ஸ்ப்ரெங்கல்–லீபிக் பதக்கம் என்று இருவர் பெயரையும் சேர்த்தே ஒன்றை வைத்துவிட்டார்கள்.

அந்த விதியை இப்படிச் சொல்லலாம். கல்யாணப் பந்தியில் 500 பேருக்கு இலை, 500 பேருக்குச் சோறு, 500 பேருக்குப் பாயசம், ஆனால் சாம்பார் 200 பேருக்குத்தான் என்றால், ஒழுங்காகச் சாப்பிட்டு எழுந்தவர்கள் 200 பேர். மீதி இருக்கிற பாயசத்தை இன்னும் இரண்டு அண்டா கூட்டினாலும் சாம்பார் வந்துவிடாது. பள்ளிப் புத்தகங்களில் இதற்கு உயரம் குறைந்த ஒரு பலகை வைத்த மரப் பீப்பாயை வரைவார்கள். அது லீபிக் வரைந்தது அல்ல. அவர் போன பிறகு வந்த படம்.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் வியாபாரத்தில் இறங்கினார். லிவர்பூலில் ஜேம்ஸ் மஸ்ப்ராட் என்ற ரசாயன முதலாளி தயாரிக்க முன்வந்தார். லீபிக் மேஜையில் உட்கார்ந்து யோசித்தார். மழை பெய்கிறது, மழையில் அம்மோனியா கரைந்து வருகிறது, ஆகவே தழைச்சத்தை ஆண்டவன் இலவசமாகவே அனுப்பிக்கொண்டிருக்கிறான், காசு கொடுத்து வாங்குவானேன்? மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) போட்டால் போதும். அடுத்து இன்னொரு யோசனை: அதே மழை இந்தச் சத்துகளைக் கரைத்து அடித்துக்கொண்டு போய்விட்டால்? அதனால் எல்லாவற்றையும் சோடா, சுண்ணாம்போடு சேர்த்து உலையில் உருக்கி, எளிதில் கரையாதபடி செய்துவிட்டார்.

கரையவில்லை. வெற்றிதான். மண்ணிலும் கரையவில்லை, வேரிலும் ஏறவில்லை. கண்ணாடிக் கட்டியைப் பொடித்துத் தூவியது போலச் சத்து வயலிலேயே பத்திரமாகக் கிடந்தது. இங்கிலாந்து விவசாயிகள் ஐரோப்பாவின் தலைசிறந்த வேதியியலாளர் பெயர் போட்ட மூட்டையைக் காசு கொடுத்து வாங்கி, பக்கத்து வயலில் சாதாரண எரு போட்டவனின் கோதுமையை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது வில்லன் நுழைகிறார். கதாநாயகன் என்றும் சொல்லலாம், எந்த நாட்டில் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜான் பென்னட் லாஸ், லண்டனுக்கு வடக்கே ராதம்ஸ்டெட் பண்ணையின் வாரிசு. பட்டம் வாங்காமல் ஆக்ஸ்ஃபோர்டை விட்டு வந்தவர். வீட்டின் நல்ல படுக்கையறை ஒன்றை ஆய்வகமாக்க அம்மாவிடம் சம்மதம் வாங்கினார். அதற்குள் என்ன நாற்றத்தையெல்லாம் கிளப்பினார் என்பதை அம்மா எழுதி வைக்கவில்லை. அவர் வயலில் எலும்புத்தூள் சரியாக வேலை செய்யவில்லை. எலும்பையும் பாஸ்பேட் கல்லையும் கந்தக அமிலத்தில் ஊறவைத்துப் பார்த்தார். செடிக்குக் கிடைக்கிற மணிச்சத்து வந்தது. 1842-ல் சூப்பர் பாஸ்பேட்டுக்குக் காப்புரிமை. அந்த வருடம்தான் கல்யாணமும். தேனிலவுக்குப் புதுப்பெண்ணை தேம்ஸ் நதியில் படகில் அழைத்துப் போனார். ஆலை கட்டத் தோதான கரையைத் தேடத்தான் அந்தப் படகு என்று ஒரு கதை உண்டு. மறு வருடம் டெப்ட்ஃபோர்டில் ஆலை எழுந்தது.

அதே 1843-ல் ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற இளம் வேதியியலாளரை வேலைக்கு வைத்தார். கில்பர்ட் டாக்டர் பட்டம் வாங்கியது கீஸனில், லீபிக்கிடம். குருவுக்கு வினை இப்படித்தான் வரும். இருவரும் சேர்ந்து பிராட்பாக் என்ற வயலைப் பட்டை பட்டையாகப் பிரித்தார்கள். ஒரு பட்டைக்குத் தொழுவுரம். ஒன்றுக்கு ஒன்றுமே இல்லை. மற்றவற்றில் தழை மட்டும், மணியும் சாம்பலும் மட்டும், எல்லாம் சேர்த்து என்று விதவிதமாக. எல்லாவற்றிலும் கோதுமை. ஒவ்வொரு வருடமும் கோதுமை. அண்டை அயலார் இந்தப் பணக்காரப் பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பிராட்பாக் சொன்னது இது: மணியும் சாம்பலும் மட்டும் போட்டால் கோதுமை ஒன்றும் போடாத பட்டையைவிடக் கொஞ்சம்தான் தேறியது. தழைச்சத்து சேர்ந்தவுடன் எகிறியது. ஆனால் தழை மட்டும் போட்ட பட்டையும் மற்ற சத்துகளோடு சேர்த்துப் போட்ட பட்டைக்கு ஈடுகொடுக்கவில்லை. எல்லாம் அளவாகச் சேர்ந்த பட்டை, வருடா வருடம் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம் கொட்டிய பட்டையோடு தோளோடு தோள் நின்றது. லீபிக்கின் விதி சரி. லீபிக்கின் மூட்டை தப்பு.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை வேறு. லாஸ் விற்றது மணிச்சத்து. அவர் வயலில் டர்னிப் கிழங்குக்கு மணிச்சத்துதான் அமிர்தம். ஆனால் கோதுமைக்கு முதல் தேவை தழைச்சத்துதான் என்று, தன் கடைச் சரக்குக்கு எதிராகவே தன் வயலில் நிரூபித்துத் தன் பெயரிலேயே அச்சடித்தார். இப்படி ஓர் உரக் கம்பெனி முதலாளி அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் நான் கேள்விப்பட்டதில்லை. 1855-ல் விவசாயிகள் பணம் திரட்டி அவருக்கு ஓர் ஆய்வகமே கட்டிக் கொடுத்தார்கள்.

லீபிக் விடுவாரா? அதே 1855-ல் ராதம்ஸ்டெட் ஆய்வுகளைத் தாக்கி, எண்கள் போட்ட ஐம்பது வாக்கியங்களோடு ஒரு நூல் எழுதினார். லாஸும் கில்பர்ட்டும் அதைவிட நீளமாகப் பதில் எழுதினார்கள். வருடக்கணக்கில் இப்படியே போனது. அதற்கு முன்பே, 1850-ல், தாமஸ் வே என்ற ஆங்கிலேயர், மண் களிமண்ணின் வழியாக அம்மோனியாவையும் பொட்டாஷையும் தானாகவே பிடித்து வைத்துக்கொள்ளும் என்று காட்டிவிட்டார். அதாவது, உரத்தை உலையில் உருக்கிக் கல்லாக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. 1860-களில் லீபிக் கடைசியில் இறங்கி வந்தார், தன் பாணியில்: படைத்தவனின் ஏற்பாட்டைத் திருத்தப் பார்த்தேன், அதற்குத் தக்க தண்டனை கிடைத்தது என்கிற மாதிரி எழுதினார். லாஸ் சொன்னது சரி என்று எழுதுவதைவிடக் கடவுளிடம் தோற்றதாக எழுதுவது கௌரவமாக இருந்திருக்க வேண்டும். அதற்குள் அவர் மாட்டிறைச்சிச் சாறு வியாபாரத்துக்கு மாறியிருந்தார். உருகுவேயிலிருந்து டப்பா டப்பாவாக வந்த அந்தச் சரக்கு நன்றாக விற்றது. சத்துக்கணக்கு அதிலும் தகராறுதான், ஆனால் சுவை இருந்தது.

ராதம்ஸ்டெட்காரர்களுக்கும் ஒரு குட்டு பாக்கி இருந்தது. பயறுவகைச் செடிகள் காற்றிலிருந்து தழைச்சத்து எடுக்கின்றனவா என்று 1850-களின் கடைசியில் சோதித்தார்கள். சோதனை சுத்தமாக இருக்க வேண்டுமென்று மண்ணை நன்றாகச் சுட்டு எடுத்தார்கள். வேரில் முடிச்சுப் போட்டுத் தழைச்சத்து சேர்க்கிற நுண்ணுயிர்கள் அந்தச் சூட்டிலேயே செத்துப்போயின. ஆகவே, எடுப்பதில்லை என்று அறிவித்தார்கள். 1886-ல் ஹெல்ரீகல் என்ற ஜெர்மானியர் அழுக்கு மண்ணில் செய்து பார்த்து உண்மையைச் சொன்னார். தஞ்சாவூரில் நெல் அறுக்குமுன் ஈர வயலில் உளுந்து தெளித்தவர்கள் இந்த விவாதம் எதிலும் கலந்துகொள்ளவில்லை.

மற்ற கூத்துகளை விரைவாகத் தாண்டுவோம். மணிச்சத்துக்காக இங்கிலாந்து ஐரோப்பா முழுக்க எலும்பு வாங்கியது. லைப்சிக், வாட்டர்லூ போர்க்களங்களில் கிடந்த எலும்பையும் விடவில்லை என்று லீபிக் சாபம் கொடுத்தார். பெரு நாட்டுச் சின்ச்சா தீவுகளில் மலையாகக் குவிந்திருந்த கடற்பறவை எச்சத்தை வெட்டிக் கப்பலேற்றினார்கள். வெட்டியவர்கள் ஏமாற்றி அழைத்துவரப்பட்ட சீனக் கூலிகள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்தத் தீவுகளுக்காக 1864-ல் ஸ்பெயின் கடற்படையை அனுப்பியது. எச்சம் தீர்ந்துகொண்டே வர, வெடியுப்புப் பாலைவனத்துக்காக 1879-ல் சிலி, பெரு, பொலிவியா சண்டை போட்டன. பொலிவியாவுக்குக் கடற்கரையே இல்லாமல் போயிற்று. 1909-ல் ஃபிரிட்ஸ் ஹாபர் காற்றிலிருந்தே அம்மோனியா எடுத்தார். 1913-ல் கார்ல் போஷ் அதை ஆலைக்குக் கொண்டுபோனார். மழையோடு இலவசமாக வருகிறது என்று லீபிக் சொன்ன பொருள், இப்போது எந்த நாடும் தன் ஆலையில் செய்துகொள்ளக்கூடியதாகிவிட்டது. மறக்கப்பட்ட சத்து மாப்பிள்ளை ஆனது இப்படித்தான். இனி மற்ற இரண்டும் மறக்கப்பட வேண்டிய முறை.

அந்த வைபவத்தைச் சிறப்பாக நடத்திக் கொடுத்த நாடுகளில் நம்முடையது முக்கியமானது. ஆரம்பம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. 1889-ல் இந்திய விவசாயத்தைத் திருத்துவதற்கு ஜான் அகஸ்டஸ் வால்கர் என்ற வேதியியலாளரை லண்டன் அனுப்பி வைத்தது. அவர் ஒரு வருடத்துக்குமேல் சுற்றிவிட்டு, இங்குள்ள விவசாயி சராசரி ஆங்கில விவசாயிக்குச் சளைத்தவரல்லர், சிலவற்றில் மேல் என்று 1893-ல் அறிக்கை கொடுத்தார். விறகு இல்லாததால் சாணம் அடுப்புக்குப் போகிறது, எலும்பும் எண்ணெய்வித்தும் கப்பலேறிப் போகின்றன, பின்னே மண்ணில் என்ன இருக்கும் என்பது அவர் வாதம். அனுப்பியவர்கள் எதிர்பார்த்த பதில் இதுவாக இருந்திருக்காது. 1906-ல் ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி சூப்பர் பாஸ்பேட் தயாரிக்கத் தொடங்கியது. 1909-ல் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் பிராட்பாக் பாணியிலேயே ஒரு நிரந்தர உரச் சோதனை தொடங்கினார்கள். அறிவுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

1966-ல் ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல் ரகம் வந்தது. அதுவரை நெட்டை ரகங்களுக்குத் தழைச்சத்தை அள்ளிப் போட்டால் பயிர் ஆளுயரம் வளர்ந்து, கதிர் வைக்கும் நேரத்தில் அப்படியே சாய்ந்து படுத்துவிடும். குட்டை ரகம் எவ்வளவு யூரியா போட்டாலும் நிமிர்ந்து நின்றது. விளைச்சல் இரட்டிப்பானது. அந்த விளைச்சல் மண்ணிலிருந்து மணியையும் சாம்பலையும் கந்தகத்தையும் துத்தநாகத்தையும் இரட்டிப்பாக உருவிக்கொண்டு போனது என்பது கணக்குப்பிள்ளை கண்ணில் படவில்லை. அதே வருடம் இமயமலை அடிவாரத்தில் பந்த்நகர் பக்கம் நெற்பயிர் துருப்பிடித்தாற்போலப் பழுத்து நின்றது. புது வைரஸ் வந்துவிட்டது என்று பயம். ஒய்.எல். நேனே என்ற பயிர்நோய் நிபுணர் கிருமியைத் தேடிப்போய், கிருமி இல்லாமல் திரும்பினார். துத்தநாகக் குறை. ஹெக்டேருக்கு 5 கிலோ துத்தநாக சல்பேட்டைச் சுண்ணாம்போடு கரைத்துத் தெளித்ததும் பச்சை திரும்பியது. டன் கணக்கில் நெல் விளைய வேண்டிய வயலை ஒரு பை உப்பு மறித்துக்கொண்டு நின்றிருக்கிறது. லீபிக் இருந்திருந்தால், நான் அப்போதே சொன்னேன் என்றிருப்பார்; சொன்னதும் உண்மைதான்.

பிறகு வந்தவர்கள் நிதி அமைச்சகத்தார். தானியப் பயிருக்குத் தழை, மணி, சாம்பல் 4:2:1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது இந்தியாவின் பொதுக்கணக்கு. மண்ணுக்கு மண் மாறும் என்றாலும், மேடையில் சொல்ல அது வசதியான எண். 1991-92-ல் நாடு போட்டது 5.9:2.4:1. பரவாயில்லை, பக்கத்தில் இருந்தோம். 1992 ஆகஸ்டில் பணமுடை. மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக்கட்டுப்பாட்டை எடுத்தார்கள், அவை எகிறின. யூரியா மேல் கைவைத்தால் ஓட்டு போய்விடும், ஆகவே அதன் விலையைப் பத்து சதவீதம் குறைத்தார்கள். அடுத்த கணக்கெடுப்பில் விகிதம் 9.5:3.2:1. மண்பரிசோதனைக் கூடம் எதுவும் இவ்வளவு வேகமாக விவசாயியின் பழக்கத்தை மாற்றியதில்லை.

பாடம் கற்றுக்கொண்டு 2010-ல் சத்து அடிப்படையிலான மானியம் கொண்டுவந்தார்கள். தழைக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு, சாம்பலுக்கு இவ்வளவு என்று கிலோவுக்கு மானியம். சமச்சீர் தானாக வரும். அருமையான திட்டம். அதில் ஒரே ஒரு உரத்தை மட்டும் சேர்க்கவில்லை. யூரியா. மற்றவை மறுபடி விலையேற, 2012-13-ல் விகிதம் 8.2:3.2:1. லீபிக் தன் மூட்டையில் தழையை விட்டார். டெல்லி தன் திட்டத்தில் தழையை விட்டது. ஒரே பிழை, எதிரெதிர் விளைவு.

விவசாயியைத் திட்டுவதில் அர்த்தமில்லை. 45 கிலோ யூரியா மூட்டை 270 ரூபாய்க்குள், மணிச்சத்து தரும் டி.ஏ.பி. 50 கிலோ 1,350 ரூபாய். யூரியா போட்ட ஒரு வாரத்தில் பயிர் கருகருவென்று கண்ணுக்கு நிற்கும். பொட்டாஷ் தண்டைக் கெட்டியாக்கும், மணியைத் திரள வைக்கும். எல்லாம் கண்ணுக்குத் தெரியாத உள்வேலை. கடையில் பேச்சு இப்படித்தான் நடக்கும்:

“அண்ணே, யூரியா நாலு போடுங்க.”

“பொட்டாஷு?”

“அடுத்த போகம் பாத்துக்கலாம்ணே.”

அடுத்த போகம் புகையான் வரும், குலை நோய் வரும், தாளடி சாய்ந்து பதர் கூடும். அதற்கு மருந்து வாங்க அதே கடை. மானியத்தில் மிச்சம் பிடித்தது பூச்சிமருந்தில் போகும். பயிரின் பச்சையை ஒப்பிட்டுப் பார்த்துத் தழைச்சத்து தேவையா என்று சொல்கிற இலை வண்ண அட்டை என்று ஒன்று உண்டு. பிளாஸ்டிக் பட்டை, மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், தமிழ்நாட்டு வேளாண் துறையே பரிந்துரைத்தது. யூரியாவை எப்போது போட வேண்டாம் என்று சொல்கிற ஒரு சாமான் எப்படி விற்கும்?

2015-ல் எல்லா யூரியாவுக்கும் வேப்பெண்ணெய் பூசச் சொன்னார்கள். சத்து மெதுவாக வெளிவரும். மானிய யூரியாவை வேறு ஆலைகளுக்குக் கடத்திப்போகவும் தோதுப்படாது. நல்ல காரியம்தான். 2018-ல் வந்ததுதான் உச்சம். விவசாயி கிலோக் கணக்கில் உரம் போடுவதில்லை, மூட்டைக் கணக்கில்தான் போடுகிறார் என்பதை அரசு கண்டுபிடித்தது. ஏக்கருக்கு இரண்டு மூட்டை என்றால் இரண்டு மூட்டைதான். ஆகவே 50 கிலோ மூட்டையை 45 கிலோ ஆக்கிவிட்டார்கள். யாருக்கும் புத்தி சொல்லாமல், விலைப்பட்டியலைத் தொடாமல், பத்தில் ஒரு பங்கு யூரியாவை மூட்டையின் வாயிலேயே நிறுத்திவிடலாம் என்பது திட்டம். கடைக்காரரிடம் யாராவது, “மூட்டை சிறுசா தெரியுதேண்ணே, இன்னொண்ணு சேத்துப் போடுங்க” என்று கேட்டிருந்தால், அது எந்தக் கோப்பிலும் ஏறியிருக்காது.